கூடாரத்திலிருந்து கோயில் வரை
ஆலயக் கட்டட நிதியும் இடம்பெயர்ந்த உழவர் குடும்பங்களும்

திருவிவிலியத்தில் இறைமக்கள் ஒன்றுசேர்ந்து கட்டிய முதல் ஆலயம் ஒரு கூடாரம். அதைக் கட்டியவர்கள் சொந்த நிலமில்லாதவர்கள், அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பாலைநிலத்தில் அலைந்தவர்கள். விடுதலைப் பயண நூலின் 35ஆம், 36ஆம் அதிகாரங்களை வாசித்தால் அந்த நிதி சேகரிப்பு எவ்வாறு நடந்தது என்பதைக் காணலாம். பொன் வைத்திருந்தவர் பொன் கொடுத்தார். மரம் வைத்திருந்தவர் மரம் கொடுத்தார். ஆட்டு மயிர் நூற்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக் கொடுத்தனர். இக்காணிக்கைகள் மனமுவந்து கொடுக்கப்பட்டவை. வேலைக்குத் தேவையானதைவிட மிகுதியாக வந்து குவிந்ததும், இனி எவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுவதும் அறிவித்தார்.

பிற்காலத்தில் சாலமோன் அரசர் எருசலேமில் கட்டிய ஆலயத்தின் கதை வேறு. அதற்குக் கேதுரு மரமும் செதுக்கிய கல்லும் வேண்டியிருந்தன. மரம் வெட்டவும் கல் பிளக்கவும் மக்கள் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டனர் (1 அரசர் 5). அரசர் இறந்ததும் மக்கள் அவர் மகனிடம் சென்று, சுமையைக் குறைக்குமாறு கேட்டனர். அவன் மறுத்தான். நாடு இரண்டாகப் பிளந்தது (1 அரசர் 12).

கூடாரம் மக்களை ஒன்றாக்கியது. பெருங்கோயிலின் சுமை நாடு பிளவுபட ஒரு காரணமாயிற்று. ஓர் ஆலயத்தை விரிவாக்கவோ புதுப்பிக்கவோ நிதி சேர்க்கும் ஒவ்வொரு பங்கும் இவ்விரண்டு வழிகளில் எதில் போகிறது என்பதை முதற் கல் நாட்டுமுன்பே தீர்மானிக்கிறது.

யாரிடம் கேட்கிறோம்?

நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்கின்றனர். கிழக்கே கல்முனைப் பட்டினமும் கடலும், மேற்கே வயல்வெளிகளும் உள்ளன. இக்கரையோரம் எத்தனை தடவை இடம்பெயர்ந்தது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 1985, 1990ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இரு சமூகத்தவரும் வீடு வாசல் இழந்தனர். விளைந்த வேளாண்மையை வெட்டாமல் விட்டுவிட்டு ஓடியவர்கள் பலர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது, இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாடசாலையும் கோயிலும் பள்ளிவாசலும் தஞ்சமடைந்தோரின் முகாம்களாயின.

அதன் பின்னரும் சோதனை ஓயவில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் சரிந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து மூடையின் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. இரும்பும் ஓடும் அவ்வாறே. கொடுப்பவரின் கை சுருங்கிய அதே காலத்தில் கட்டடத்தின் செலவு பெருகியது.

இத்தகைய மக்களிடம் கோயில் கட்டப் பணம் கேட்பது முறையா? முறையே என்பது எமது எண்ணம். ஆனால் கேட்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. அந்த ஒழுங்கை எமக்கு முன் வாழ்ந்தவர்களின் அனுபவத்திலிருந்து கற்கலாம்.

முதலில் நிலம், பின்னர் கோயில்

பாக்கு நீரிணைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்து மறையைத் தழுவிய ஏழை மக்கள் ஊரவராலும் நிலவுடைமையாளராலும் துன்புறுத்தப்பட்டனர். குடியிருப்பை விட்டுத் துரத்தப்பட்ட அவர்களுக்காக 1799ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் நிலம் வாங்கிக் குடியமர்த்தினார். அந்த முதற் குடியிருப்பே முதலூர். 1827ஆம் ஆண்டில் ரேனியுஸ் ஐயர் என்னும் ஜெர்மானியப் போதகர் பிரஷ்யாவின் தோனா பிரபு அனுப்பிய பணத்தைக் கொண்டு மற்றொரு குடியிருப்பை உருவாக்கினார். அது டோனாவூர் எனப் பெயர் பெற்றது. 1830ஆம் ஆண்டில் அவர் தர்ம சங்கம் என்ற அமைப்பை நிறுவினார். துன்புறுத்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலமும் வீடும் வாங்குவது அதன் நோக்கம். வெளிநாட்டுப் பணம் மட்டுமன்றி உள்ளூர் விசுவாசிகளின் காணிக்கையும் அதிற் சேர்ந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். துரத்தப்பட்டவனுக்கு முதலில் குடியிருக்க ஒரு துண்டு நிலம், அதன்பின் கிணறு, பள்ளிக்கூடம், தொழுவதற்கு ஒரு கூரை. பெருங்கோயில்கள் எழுந்தது பின்னர்தான். அதே பகுதியில், பனை மரங்கள் நிறைந்த மணற்காட்டில் மெஞ்ஞானபுரம் என்ற ஊர் உள்ளது. அங்கே ஜோன் தோமஸ் ஐயர் காலத்தில் கட்டத் தொடங்கிய கோயில் வேலை நடந்துகொண்டிருக்க, 1845ஆம் ஆண்டில் பெரும் புயல் அடித்து அழிவை ஏற்படுத்தியது. மக்கள் சோர்ந்து விடவில்லை. 1847ஆம் ஆண்டில் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. 192 அடி உயரமான அதன் கோபுரம் நிறைவு பெற்றதோ 1868ஆம் ஆண்டில். தொழுகைக்கு இடம் கிடைத்த பின் கோபுரத்துக்கு அம்மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். பனையேறிப் பிழைத்த அவர்கள் இன்றும் எமக்குச் சொல்லும் பாடம் இது: கூரை அவசரம், கோபுரம் அவசரமல்ல.

ஒரு பிடி அரிசி

பணமில்லாதவர் எவ்வாறு கொடுப்பது? வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மலைநாட்டுப் பெண்கள் இதற்கு விடை கண்டனர். அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910ஆம் ஆண்டில் ஒரு வழக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு பாத்திரத்தில் இடுவாள். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டி விற்றுத் திருப்பணிக்குக் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டிலேயே மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, 1911-12இல் அந்நாட்டைப் பஞ்சம் பீடித்தது. ஆயினும் வழக்கம் அழியவில்லை. நூறாண்டுகள் கடந்தும் அது தொடர்கிறது.

பிடியரிசி எமக்கும் புதியதல்ல. எமது பாட்டிமாரின் அடுக்களைகளில் தனிப்பானை இருந்ததை நம்மில் பலர் அறிவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோ சேரும். அறுபது குடும்பங்கள் உள்ள ஒரு சிறு பங்கில் மாதம் 90 கிலோ, ஆண்டுக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல். இதைக் கொண்டு ஒரு கோயிலை முழுதாகக் கட்ட முடியாது. ஆனால் இது எவரையும் கடனாளியாக்காது, ஏழை வீட்டையும் கொடுக்கும் வீடாக்கும்.

இன்னோர் எடுத்துக்காட்டு ஐரோப்பாவிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின் பின் இலட்சக்கணக்கான ஜெர்மானியர் கிழக்குப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்டனர். அவர்களுக்கு உணவுமில்லை, தொழ ஆலயமுமில்லை. 1947ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் தொங்கர்லோ மடத்துத் துறவி ஒருவர், அதே ஜெர்மானியரின் படைகளால் துன்புற்ற பிளெமிஷ் உழவர்களிடம் சென்று அந்த அகதிகளுக்காகக் கையேந்தினார். அந்தக் கிராமப் பெண்கள் பணத்துக்குப் பதிலாக உப்பிட்ட பன்றிக்கொழுப்பைக் கொடுத்தனர். பின்னர் லொறிகளே சிற்றாலயங்களாக மாற்றப்பட்டு, கோயிலற்ற அகதிகளின் இருப்பிடங்களுக்குச் சென்றன. அந்தத் தொடக்கமே, துன்புறும் திருச்சபைக்கு உதவும் பெரிய உதவி நிறுவனமாக வளர்ந்து உலகெங்கும் ஆலயங்கள் கட்ட உதவுகிறது. உழவன் தன்னிடம் இருப்பதைக் கொடுத்தான். பகைவனாக இருந்தவனுக்குக் கொடுத்தான். அகதிக்கு உணவும் ஆலயமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

கொடுத்தவனுக்கே இடமா?

கோயில் கட்டக் கொடுத்தவர் கோயிலுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற பழம்பெரும் கத்தோலிக்க ஊர் உள்ளது. 1745ஆம் ஆண்டில் தேவசகாயம்பிள்ளை திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். அவர் 2022 மே 15ஆம் திகதி புனிதராக உயர்த்தப்பட்டார். அத்தகைய ஊரில் 1872ஆம் ஆண்டில் எழுந்த புதிய கோயில், ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு தனித்தனிக் கூடங்களோடு கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மறு சாதியார் மறு கூடத்தில். காற்சட்டையின் இரு கால்கள் போலிருந்ததால் அதைக் காற்சட்டைக் கோயில் என்று அழைத்தனர். 1910ஆம் ஆண்டில் பங்குக் குருவானவர் பிரிவினைச் சுவரை இடித்தபோது, தமக்குரிய தனியிடம் பறிபோனதென்று ஒரு சாரார் ஆயருக்கு எதிராக நீதிமன்றம் சென்றனர். கோயிலுக்குள் சாதிக்கொரு தனியுரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்தது.

எமது கிழக்கு மாகாணத்திலும் நினைத்துப் பார்க்க விடயம் உண்டு. இங்குள்ள பல இந்துக் கோயில்களில் ஒவ்வொரு குடியும் திருவிழாவின் ஒரு நாட்செலவைப் பொறுப்பேற்கிறது, வண்ணக்கர் கணக்கைப் பார்க்கிறார். பொறுப்பைப் பகிர்வதில் இது சிறந்த ஏற்பாடே. ஆனால் வேற்றூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவனுக்கு அந்த வரிசையில் நாள் எங்கே? எமது பங்குகளிலும் பழைய குடும்பம், புதிய குடும்பம் என்ற பேச்சு இல்லாமலில்லை. சுவரில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை ஏறும்போது, ஒரு பிடி அரிசி கொடுத்த கைம்பெண்ணின் பெயர் அதில் ஏறுவதில்லை. ஆண்டவர் கண்டு வியந்தது அவளுடைய இரண்டு காசுகளையே. அதற்குச் சற்று முன்னர், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரையும் அவர் கண்டித்தார் (மாற்கு 12). இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அயலவரிடம் கற்கத் தக்கது

எமது முஸ்லிம் அயலவர்கள் அறுவடையின் பின் ஸகாத் கணக்கிடும் முறை எமக்கும் பயன் தரும். மழையை நம்பி விளைந்ததில் பத்திலொரு பங்கு, செலவிட்டு நீர்பாய்ச்சி விளைவித்ததில் இருபதிலொரு பங்கு. குறித்த அளவுக்குக் குறைவாக விளைந்தால் கடமையே இல்லை. உழவன் பட்ட செலவைக் கவனித்து, ஏழைக்கு விலக்களித்து வகுக்கப்பட்ட ஒழுங்கு இது. இன்னொன்றும் உண்டு. ஸகாத் பெறத் தகுதியுள்ளோர் யாவர் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், அப்பணத்தைப் பள்ளிவாசல் கட்டச் செலவிடலாகாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. பள்ளிவாசலுக்கு வேறாகச் சேர்க்க வேண்டும். ஏழையின் பங்கு ஏழைக்கே.

எமது திருச்சபையின் மரபும் இதற்கு மாறானதல்ல. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோஸ், போரில் சிறைப்பட்டவர்களை மீட்பதற்காகத் திருப்பாத்திரங்களை உருக்கினார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987ஆம் ஆண்டில் சமூக அக்கறை பற்றி எழுதிய சுற்றுமடலின் 31ஆம் பகுதியில், வறியவர் தேவையுற்று நிற்கையில் ஆலயத்தின் மிதமிஞ்சிய அணிகலன்களைவிட அவர்களுக்கே முதலிடம் என்றும், அப்பொருட்களை விற்பதுகூடக் கடமையாகலாம் என்றும் கற்பித்தார்.

இந்த ஒழுங்கு தவறியபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் வரலாறு சொல்கிறது. உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்ட 1515ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் சிங்கராயர் ஞானப்பலன்களை அறிவித்துக் காணிக்கை திரட்ட வைத்தார். ஜெர்மனியில் அது வியாபாரமாயிற்று. 1517ஆம் ஆண்டில் லூத்தர் எதிர்ப்புத் தெரிவித்தார். கட்டட நிதி சேர்த்த முறை மேலைத் திருச்சபை பிளவுபட ஒரு காரணமாயிற்று.

எமது நாட்டிலும் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகளால் சிதைந்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம் படையினரின் உழைப்பால் திருத்தப்பட்டு அதே ஆண்டு ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. அது நல்லதே. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு செலுத்துமாறு முன்னாள் சனாதிபதிக்கும் அதிகாரிகளுக்கும் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 2023 ஜனவரி 12ஆம் திகதி. சுவர் எழ இரண்டு மாதம் போதியதாயிற்று. மனிதருக்கு நீதியின் ஒரு பகுதி கிடைக்க நான்கு ஆண்டுகள் அளவில் ஆயின. எமது பங்குகளில் இந்த இடைவெளி இருக்கலாகாது.

எதைக் கட்டுகிறோம்?

இடம்பெயர்ந்தோருக்கு ஆலயம் வெறும் தொழுமிடமன்று. 1990களில் மடுத் திருப்பதியின் வளாகம் பல்லாயிரம் அகதிகளுக்கு வீடாக இருந்தது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆபத்து வேளையில் மக்கள் ஓடிவரும் இடம் கோயிலே. ஆகவே விரிவாக்கும்போது பீடத்தின் அலங்காரத்துக்கு முன் சில கேள்விகளைக் கேட்போம். வெள்ளம் வந்தால் நிலமட்டம் போதிய உயரமா? இருநூறு பேர் இரவு தங்க விறாந்தை உண்டா? பெண்களுக்குத் தனியான மலசலகூடங்கள் உண்டா? கோடையிலும் வற்றாத கிணறு உண்டா? முதியோரும் ஊனமுற்றோரும் ஏறக்கூடிய சாய்வுப் படி உண்டா? இவற்றை உள்ளடக்கிய வரைபடத்துக்குப் பணம் கேட்கும்போது அயலில் வாழும் பிற மதத்தவரும் மனமுவந்து கைகொடுப்பார்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. முதலில் காணி. உறுதி யார் பெயரில் உள்ளது, எல்லைகள் சரியா என்று பாருங்கள். பின்பு ஆயரின் எழுத்து மூல இசைவையும் உள்ளூராட்சி மன்றத்தின் கட்டட அனுமதியையும் பெறுங்கள். ஆயரின் இசைவின்றி ஆலயம் கட்டலாகாது என்பது திருச்சபைச் சட்டம் 1215.

2. வேலையைக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒழுகும் கூரை, கிணறு, மலசலகூடம் முதற் கட்டம். கூடத்தை நீட்டுவது இரண்டாம் கட்டம். கோபுரமும் அலங்காரமும் கடைசி. ஒரு கட்டத்துக்குரிய பணம் பெரும்பாலும் கைக்கு வந்தபின் அதைத் தொடங்குங்கள். கடனுக்குச் சீமெந்து எடுத்துத் தொடங்கினால், அரைச்சுவரில் நின்றுவிட்ட கட்டடமே மிஞ்சும்.

3. அறுவடையின் பின் கேளுங்கள். பெரும்போகத்துக்கு மாசி, பங்குனியும் சிறுபோகத்துக்கு ஆவணி, புரட்டாதியும் கேட்கும் காலம். விதைப்புக் காலத்தில் உழவனின் கையில் இருப்பது கடன் மட்டுமே. குத்தகை, உழவுக்கூலி, பசளைக் கடன் ஆகியவை போக எஞ்சியதிலிருந்து அவரவர் தாமே தீர்மானிக்கட்டும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைவரி வைக்காதீர்கள். நிவாரணத்தில் உண்ணும் வீட்டு வாசலில் பட்டியலோடு நிற்காதீர்கள்.

4. பிடியரிசியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி கட்டடத்துக்கு. மறு பாதி, அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களில் அடுப்பெரியாத வீடுகளுக்கு. இரண்டாம் பாதியைக் கட்டட வேலை எவ்வளவு முடங்கினாலும் தொடலாகாது.

5. சிரமதானத்தையும் நிதானத்தோடு கேளுங்கள். நாட்கூலிக்குப் போகும் ஒருவர் ஒரு நாளைக் கோயிலுக்குக் கொடுத்தால் அன்றிரவு அவர் வீட்டில் உலையில்லை. சம்பளக்காரரும் காணிக்காரரும் உழைப்பை இலவசமாகக் கொடுக்கட்டும். கூலியாட்களுக்குக் கூலி கொடுப்போம். மேசன் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் பிடிக்குமுன், இடம்பெயர்ந்த இளைஞர் சிலரை உதவியாளராகச் சேர்த்துத் தொழில் பழக்குவோம். அப்போது கட்டட நிதியே அவர்களின் வாழ்வாதாரமாகும்.

6. கனடாவிலும் சுவிஸிலும் மத்திய கிழக்கிலும் உள்ள உறவினரிடம் கேட்பது நியாயமே. அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. ஆனால் ஊரவர் தம் பங்கைச் சேர்க்கத் தொடங்கிய பின்னரே கேளுங்கள். பெயர்ப் பலகை, தனி இருக்கை என்ற நிபந்தனையோடு வரும் பணத்தை நன்றியோடு மறுக்கும் துணிவு வேண்டும்.

7. கணக்கைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் (சட்டம் 537). குறித்த நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும் (1267). மக்கள் கொடுத்ததற்கு மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் (1287). தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம், ஒரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு வாசலில் வரவு செலவுத் தாள். குழுவில் பெண்களும் புதிதாக வந்த குடும்பங்களின் பிரதிநிதியும் இருக்கட்டும்.

8. மோசேயைப் போல, போதும் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். திட்டமிட்ட தொகை சேர்ந்ததும் வாசிப்புப் பலகையிலிருந்து அறிவியுங்கள். மிகுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே மக்களோடு தீர்மானியுங்கள்.

அன்பார்ந்த உழவர் குடும்பங்களே! கேட்பவர் குருவானவராக இருந்தாலும், திட்டம் எங்கே, கணக்கு எங்கே, ஏழைக்குரிய பங்கு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அது அவமரியாதையன்று. உங்கள் கோயிலைப் பற்றி நீங்கள் கேட்பது உங்கள் உரிமை, பொறுப்பும்கூட. கொடுக்க இயலாத காலத்தில் வெட்கப்பட்டுத் திருப்பலிக்கு வராமல் நின்றுவிடாதீர்கள். கோயில் நிறைய ஆட்கள் இருப்பதனால்தானே அதை விரிவாக்குகிறோம்? நீங்கள் வராதுவிட்டால் பெரிய கூரை யாருக்காக?

வரும் அறுவடையின் பின் எத்தனையோ பங்குகளில் கட்டடக் குழுக்கள் கூடும். முதற் கூட்டத்திலேயே இரண்டு கொப்பிகளைத் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றில் கட்டட வரவு செலவு. மற்றதில் எமது பங்கில் இன்னும் காணி கிடைக்காதவர், வீடு முடியாதவர், அடுப்பெரியாதவர் ஆகிய குடும்பங்களின் விபரம். இரண்டாவது கொப்பியை வாசித்த பின்பே முதலாவதை வாசிப்போம். அந்த ஒழுங்கில் கட்டப்படும் கோயில் சிறியதாக இருந்தாலும் அதில் எல்லோருக்கும் இடமிருக்கும்.